பேச்சு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்

எழுத்தில் வந்த எந்த மனுவுக்கும் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது தர வேண்டும்.

இது என் ஆசை இல்லை. விதி. கோட்டையில் நான் வேலை பார்த்த காலத்தில், புதிதாக வருகிற ஒவ்வொரு எழுத்தருக்கும் முதல் நாளே சொல்லித் தருவோம். அவர் தலையாட்டுவார். பிறகு மேஜை டிராயரை எப்படிப் பூட்டுவது என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கற்றுக்கொள்வார்.

இந்த விதி இப்போது ஞாபகம் வரக் காரணம், போன வாரம் தபாலில் வந்த ஓர் உறை. உறைக்குள் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் காத்திருந்த மாதிரி நீங்களும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும்.

போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் மகள் வித்யா அமெரிக்காவின் வடகோடியில் ஓர் ஊரில் இருக்கிறாள். அப்போது ஆறாவது மாதம். அதற்கு முன் ஒரு முறை தங்காமல் போயிருந்தது. அதனால் டாக்டர், பிரசவம் வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இறங்கக் கூடாது என்றால்... பாத்ரூமுக்குப் போகலாம். அவ்வளவுதான்.

அம்மா கிளம்பிப் போக வேண்டிய நேரம். ஆனால் என் மனைவி ஜெயாவுக்கு அப்போதுதான் கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. விழித்திரை விஷயம். விமானம் ஏறக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது. மயிலாப்பூரில் ஒருத்தி, அங்கே ஒருத்தி. இரண்டு பேரும் இரண்டு டாக்டர்களின் உத்தரவில் முடங்கிக் கிடந்தார்கள்.

ஐ.எஸ்.டி. போட்டுப் பேசலாமே என்பீர்கள். போட்டோம். ஆனால் ஐ.எஸ்.டி.யில் ஜெயாவுக்குப் பேச்சு வராது. மீட்டர் ஓடுகிற பயம். 'நன்னா இருக்கியா? நன்னா இருக்கேன். வெச்சுடறேன்.' முடிந்தது. வைத்துவிட்டு, கேட்க மறந்ததையெல்லாம் என்னிடம் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும், அங்கே கால் வீங்குகிறதா இல்லையா என்று?

இதற்கு வழி செய்தவர் மாப்பிள்ளை. முந்தின வருஷம் வந்திருந்தபோது என் தலையில் ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, இணைய இணைப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வித்யா படுக்கையில் விழுந்ததும் மாப்பிள்ளை ஒரு மெயில் அனுப்பினார். இன்ன புரோகிராமை இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு மைக் வாங்குங்கள், கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கே பேசலாம், ஐ.எஸ்.டி. கட்டணமே கிடையாது.

ரிச்சி தெருவுக்குப் போய் மைக் வாங்கி வந்தேன். இங்கே காலை ஆறரை, அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டு. மாப்பிள்ளை அவளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி லேபுக்குக் கிளம்பும் நேரம். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, கடைசியில் வாய் மூடியது. புரோகிராமில் ஒரு மணி அடித்தது.

"அம்மா..."

ஜெயா ஒரு கையால் கண் கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மானிட்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். போலீஸ் வயர்லெஸ் மாதிரி. ஆகவே பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஒரு வாரத்தில் ஜெயாவுக்கு அது பழக்கமாகிவிட்டது. 'வேளைக்குச் சாப்பிடு, ஓவர்.' 'இஞ்சி போட்டுக்காதே, ஓவர்.' ஒரு நாள் வாசலில் பால்காரரிடம், "நாளைக்கு அரை லிட்டர் கூடப் போடுப்பா, ஓவர்" என்றாள். அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆனால் உண்மையில் அவர்கள் அதிகம் பேசவில்லை. அதுதான் வேடிக்கை. எத்தனை நாள்தான் இஞ்சியைப் பற்றியே பேச முடியும்? நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ வித்யா சொன்னாள்: "அம்மா, நீ பேசவே வேண்டாம். மைக்கை ஆன் பண்ணி வெச்சுட்டு உன் வேலையைப் பாரு. நான் கேட்டுண்டு படுத்திருக்கேன்."

அன்றிலிருந்து சமையலறை பாதி ஹாலுக்கு வந்தது. ஜெயா கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிப்பாள். கண் வேண்டாம், விரல் போதும். குக்கர் கத்தும். கீழே கீரைக்காரி ராகம் இழுப்பாள். கோயில் மணி அடிக்கும். நான் பேப்பரைப் படபடவென்று மடிப்பேன், யாரையாவது திட்டுவேன். இத்தனையும் கடல் தாண்டிப் போய், ஜன்னலைத் திறக்க முடியாத ஓர் அறையில், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் காதில் விழும். இங்கே சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால், எப்போதாவது ஸ்பீக்கரில் ஒரு குரல்: "அம்மா, பால் பொங்கறது பாரு!"

நிஜமாகவே பொங்கிக்கொண்டிருக்கும். அங்கேயிருந்து கேட்கிறவளுக்குத் தெரிகிறது, இங்கே இருக்கும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, சத்தம் நின்றது.

மோடம் வழக்கம் போலக் கீச்சிட்டது. இணைப்பு கிடைத்தது. பேப்பர் திறந்தது. மெயில் போனது. ஆனால் பேசுகிற புரோகிராம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே. அந்தப் புரோகிராம்காரர்களின் இணைய தளத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்றால், அதுவும் திறக்கவில்லை. மற்றதெல்லாம் திறக்கிறது, அது மட்டும் திறக்கவில்லை. வேறொரு பேச்சுப் புரோகிராமை முயன்றேன். அதுவும் ஊமை.

மாப்பிள்ளைக்கு மெயில் போட்டேன். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, மற்ற நாட்டுக்காரர்களோடு அதே புரோகிராமில் பேச முடிகிறது என்று பதில் வந்தது. கடைசி வரியில், 'வித்யா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை' என்றும் எழுதியிருந்தார். அந்த வரியை நான் ஜெயாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

இங்கே ஒரு தகவல். எனக்கு இணைய இணைப்பு விற்ற நிறுவனம் – பெயர் வேண்டாம் – வெளிநாட்டு டெலிபோன் அழைப்பு வியாபாரத்திலும் கை வைத்திருக்கிறது. நம் சென்னையில் இதை விளக்குவது சுலபம். தெருக் குழாயும் ஒருவர் கையில், தண்ணீர் லாரியும் அவர் கையில். குழாயில் காற்று மட்டும் வருகிறது. ஏன் என்று கேட்டால், 'பிரஷர் இல்லை சார்' என்பார். இருக்கலாம். நிஜமாகவே பிரஷர் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் லாரி மட்டும் நிரம்பி வழிந்துகொண்டு போகிறதே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன்.

மவுண்ட் ரோட்டில் அவர்கள் அலுவலகம். டோக்கன் வாங்கி, ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஓர் இளம் பெண் எஞ்சினியர். மரியாதையானவர், அவசரப்படாதவர். அப்படிப்பட்டவரைக் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்களே என்று எனக்கே ஆச்சரியம்.

"பிரௌசிங் வருதா சார்?"

"வருது."

"மெயில் போகுதா?"

"போகுது."

"அப்புறம் என்ன சார் பிராப்ளம்?"

"பேச்சு வரலை, மேடம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "எந்தப் பேச்சு சார்?"

"நெட்ல பொண்ணுகிட்ட பேசறது. அமெரிக்காவுல இருக்கா. போன வாரம் வரைக்கும் நன்னா கேட்டுது."

"சார்," என்று குரலைத் தாழ்த்தினார். "இத நீங்க என்கிட்ட சொல்லல. நானும் காதுல வாங்கல. லைன் வீக்னு எழுதிக் குடுங்க, ஆள் அனுப்பறேன்."

"லைன் வீக் இல்லையே. வீக்கா இருந்தா பேப்பர் எப்படி வரும்? நீங்க தடுக்கறேளா இல்லையா, அது மட்டும் தெரியணும்."

"அது எனக்கே தெரியாது சார். நிஜமா. எங்க கவுன்ட்டருக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப தெரிஞ்சவாளுக்கு எழுதறேன்."

"ஐயோ, எழுதாதீங்க சார். ப்ளீஸ்." அவர் முகத்தில் நிஜமான கவலை. "ரூல்ஸ்லயே அது கூடாதுன்னு இருக்கு. உங்க அப்ளிகேஷன்லயே இருக்கு. வாயால சொன்னதோட போகட்டும். எழுத்துல வேண்டாம்."

எழுத்தில் வேண்டாம்! முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவனிடம் சொல்கிற வார்த்தையா இது? எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நம்புகிற ஜாதி நான். வாயால் சொன்னதோடு போகட்டும் என்றால், எங்கே போகும்? ஃபேன் காற்றில் போகும்.

விதியை நான் பார்க்காமல் இல்லை. வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலை எடுத்து, பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இணைப்பைத் 'தொலைபேசிச் சேவை'க்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் இருந்தது. நான் யோசித்தேன். எங்கள் வீட்டில் இந்தக் காரியத்துக்கு எந்தத் தொலைபேசியும் பயன்படவில்லை. எண் சுழற்றவில்லை. ரிசீவர் எடுக்கவில்லை. ஒரு மைக். பக்கத்தில் ஒருத்தி அவரைக்காய் உரிக்கிறாள். இது எப்படித் தொலைபேசிச் சேவையாகும்? மேலும், சேவை என்றால் இன்னொருவருக்குச் செய்வது. சொந்த மகளுக்கு...

கோட்டையில் இந்த வாதம் எடுபட்டிருக்கும். குறைந்தது ஆறு மாதம் கோப்பு சுற்றியிருக்கும்.

எழுதினேன். மூன்று பக்கம். என்ன புரோகிராம், எந்த நேரம், யாரோடு, எத்தனை நாளாக நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம், எப்போது நின்றது, வேறெந்தத் தளம் திறக்கிறது, எது திறக்கவில்லை... எல்லாம் பத்தி எண் போட்டு. இணைப்புத் தாள்கள் தனி. முடிவில் நேரடியான கேள்வி: 'போட்டியாக இருக்கும் இணையப் பேச்சுச் சேவைகளில் தங்கள் நிறுவனம் குறுக்கிடுகிறதா? ஆம் எனில், எந்த உத்தரவின்படி?' நகல்கள் மேலதிகாரிகளுக்கு. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

தபாலாபீசிலிருந்து திரும்பும்போது, கீழ் வீட்டு அண்ணாச்சி வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிக்காரர். தம்பி சிங்கப்பூரில். விஷயத்தைச் சொன்னேன்.

"நானும் பேசுதேன்லா சார், தம்பிகிட்ட. பாண்டி பஜார்ல ஒரு பிரௌசிங் சென்டர். உள்ள ஒரு தடுப்பு இருக்கு. போவேன், பேசுவேன், வருவேன்."

"அங்க மட்டும் எப்படி வருது? அவாளும் இதே கம்பெனி இணைப்பா?"

"அதெல்லாம் நான் கேக்கதே இல்ல. கேட்டா வராது." துணியை உதறினார். "நீங்க எதுக்கு சார் எழுதுதிய? பேசதுக்கு ஒரு வழி அடைச்சா இன்னொரு வழியாப் பேச வேண்டியதுதான? நீங்க எழுதினா அவன் என்ன செய்வான்? அவனும் எழுதுவான்!"

அண்ணாச்சி பத்தாவது வரை படித்தவர். அவருக்கு அலுவலக நடைமுறை தெரியாது என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

பதில் வரவில்லை. கெடு முடிந்தது. இடைக்காலப் பதிலும் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. இதற்கு நடுவில் ஜெயா தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். ஸ்கிரீனில் புரோகிராம் சுற்றிக்கொண்டே இருக்கும். "ஒரு வேளை இன்னிக்கு வந்துட்டா?" என்பாள். மோடம் ஓடுகிற வரை எங்கள் டெலிபோன் எங்கேஜ்டு. ஒரு நாள் வித்யாவே ஐ.எஸ்.டி. போட்டு, கிடைக்காமல், பயந்துபோய், மாப்பிள்ளையை லேபிலிருந்து வரவழைத்து மெயில் போட வைத்தாள்: அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?

பிறகு ஒரு காலை, மணி அடித்தது. கம்ப்யூட்டரில் இல்லை. வாசலில்.

கையில் ஃபைலோடு ஒருவர். அடையாள அட்டை. நிறுவனத்திலிருந்து விசாரணைக்கு வந்திருந்தார். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பார்த்தாயா, எழுதினால் ஆள் வருகிறது!

"சார்தானே பெட்டிசன் போட்டது?"

"ஆமாம். உட்காருங்கோ."

உட்காரவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். அவரைக்காயைப் பார்த்தார். என் மூன்று பக்கக் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்தார். சிவப்பு மையில் நிறையக் கோடுகள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான்."

"இன்னா சார் நீங்க! இவ்ளோ படிச்சவரு..." என்று தலையைச் சொறிந்தார். "ஊட்ல திருடன் பூந்துட்டான்னு கம்ப்ளெய்ன்ட் குடுப்பாங்க, பாத்துகிறேன். நீங்க இன்னாடான்னா, நான் திருடப் போன எடத்துல பூட்டு தொறக்கல, இன்னா ஏதுன்னு விசாரிங்கன்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்துகிறீங்களே சார்! நைனா, நம்ம சர்வீஸ்லயே இப்டி ஒரு கேஸ் பாத்ததில்ல."

நாற்காலியில் ஜெயா குலுங்கினாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு. குனியக் கூடாது, அழுத்திச் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கண்ணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் விடவில்லை. "அது இருக்கட்டும். என் கேள்விக்குப் பதில்? நீங்க தடுக்கறேளா இல்லையா?"

"அத்த நான் சொல்ல முடியாது சார். தெரிஞ்சா இல்ல சொல்றதுக்கு. தடுக்கிறோம்னா ஆர்டர் இருக்கணும். ஆர்டர் ஒண்ணும் நான் பாக்கல. தடுக்கலன்னா இது வேலை செய்யணும். செய்யல. நான் இன்னான்னு எழுதுவேன்?"

ஜெயா அவருக்குக் காப்பி கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

"கண்ல இன்னாம்மா?"

"ஆபரேஷன்ப்பா. அதான் நேர்ல போக முடியலை. பொண்ணு அங்க படுத்த படுக்கையா இருக்கா. நான் ஒண்ணும் பெரிசாப் பேசறதில்லை. இந்தச் சத்தமெல்லாம் அவளுக்குக் கேக்கும், அவ்வளவுதான். குக்கர் சத்தம் எதுல சேத்தி? அதுவும் கூடாதா?"

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார் எழுதாம இருந்திருந்தா, நானும் எழுத வேணாம்மா. இப்போ மேல எழுதித்தான் ஆவணும். ஆறு பேருக்குக் காப்பி போட்டுகிறாரு. ஆறு பேரும் கேக்கறான்."

மறுவாரம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மோடம் கீச்சிடும், கரகரக்கும், பிறகு வெறும் அமைதி. பேச்சு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பேப்பரும் போயிற்று, மெயிலும் போயிற்று.

வித்யாவுக்கு எட்டாவது மாதம். ஜெயா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அண்ணாச்சிதான் வந்தார். "அக்கா, வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன். பேசிட்டு வந்துருவோம்."

பாண்டி பஜாருக்கு ஆட்டோவில் போனோம். மாடியில் ஒரு பிளைவுட் தடுப்பு. உள்ளே ஏ.சி. குளிர். எங்கள் வீட்டில் செத்துப்போன அதே புரோகிராம் அங்கே உயிரோடு இருந்தது. எப்படி? நான் கேட்கவில்லை. அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார், அதனால் கேட்கவில்லை.

வித்யாவின் குரல் வந்தது. ஜெயா பேசினாள். இரண்டு நிமிஷம். அப்புறம் இரண்டு பேருமே நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா, ஒரே அமைதியா இருக்கு? ஓவர்."

ஜெயா சுற்றிலும் பார்த்தாள். பிளைவுட். ஏ.சி.யின் முனகல். "இங்கேருந்து உனக்கு என்னத்தைடி அனுப்பறது? ஓவர்."

ஆட்டோவில் திரும்பும்போது ஜெயா கேட்டாள்: "ஏன்னா, நம்ம டேப்ரெக்கார்டர் வேலை செய்யறதோ?"

செய்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் கம்ப்யூட்டர் மேஜையில் டேப்ரெக்கார்டர் உட்கார்ந்தது. பழைய கச்சேரி கேசட்டுகளை எடுத்து, அதன் மேலேயே பதிவு செய்தாள். பெரிய வித்வான்களின் ஆலாபனை அழிந்து குக்கர் விசில் ஏறியது. அவரைக்காய், கீரைக்காரி, கோயில் மணி, பால்காரர். இரண்டு பக்கமும் நிறைந்ததும் நான் உறையில் போட்டு விமானத் தபாலில் அனுப்புவேன். தபால் சென்னையிலிருந்து அந்த வடகோடிக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் நடுவில் நிறுத்தவில்லை. நிறுத்தினார்களா என்று நானும் யாருக்கும் எழுதவில்லை.

முதல் கேசட் கிடைத்ததும் வித்யா ஐ.எஸ்.டி. போட்டாள். மீட்டர் அவளுடையது என்பதால் ஜெயா கொஞ்சம் தாராளமாகப் பேசினாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா, பி சைடுல குக்கர் சத்தத்துக்கு நடுவுல அந்தக் கம்பெனியைத் திட்டறேள், ரொம்பத் தெளிவாக் கேக்கறது. இங்கிலீஷ்ல திட்டும்போது உங்களுக்கு கிராமரே தப்பறதில்லைப்பா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வெகு நாள் கழித்துக் கேட்டேன்.

ஐப்பசியில் ஓர் அதிகாலை போன் வந்தது. ஜெயாதான் எடுத்தாள். மாப்பிள்ளையின் குரல் எனக்கே கேட்டது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். ஜெயா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவளால் சொல்ல முடிந்தது ஒரே ஒரு வார்த்தை:

"ஓவர்."

பிறகு நான் வேறு நிறுவனத்தில் இணைப்பு வாங்கினேன். அதே மாதிரிப் படிவம், அதே பிரிவு, அதே பொடி எழுத்து. வாதம் எதுவும் செய்யாமல் கையெழுத்துப் போட்டேன். புரோகிராம் இப்போது வேலை செய்கிறதா? நண்பர்களே, வீட்டுக்கு வாருங்கள், காப்பி சாப்பிடுங்கள், காதில் சொல்கிறேன். எழுத்தில் கேட்காதீர்கள்.

தடுத்தார்களா இல்லையா என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில், தெரியாத விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஒரு கடிதம் போதும் என்று நம்பினேன். இப்போது தோன்றுகிறது: தடுக்கிறவர்கள் தடுக்கிறோம் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைப்பது என்னைப் போன்றவர்கள்தான். ஆகவே கோப்பில் எப்போதும் ஒரே ஒரு குற்றவாளியின் கையெழுத்துதான் இருக்கும்.

போன வாரத்துக்கு வருகிறேன்.

வித்யா குழந்தையோடு வந்திருக்கிறாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வரப்போகிற இரண்டாயிரத்தில் கம்ப்யூட்டரெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுமாமே என்று ஆளுக்கு ஆள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலில் ஹோமப் புகை. குக்கர் கத்தியது. அந்த வயதுக் குழந்தைகள் பொதுவாக அந்தச் சத்தத்துக்கு வீறிடும். இவள் வித்யாவின் தோளில் சாய்ந்து, கொட்டாவி விட்டு, தூங்கிப்போனாள். அந்தக் கேசட்டுகளைப் போட்டுத்தான் அங்கே தூங்க வைத்தார்களாம்.

அப்போதுதான் தபால்காரர் வந்தார். பதிவுத் தபால். பஞ்சகச்சத்தோடு போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கவனியுங்கள், படித்துப் பார்க்காமல்தான் போட்டேன்.

'தங்கள் கடிதம் கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. எந்தப் போட்டிச் சேவையிலும் இந்நிறுவனம் குறுக்கிடுவதில்லை. எனினும் தாங்கள் குறிப்பிடும் சேவை அனுமதிக்கப்படாதது என்பதால், அது இயங்காதிருப்பது முறையே. மேலும், தங்கள் இணைப்பு ஏற்கெனவே துண்டிக்கப்பட்டுவிட்டபடியால், தங்கள் குறை எதுவும் நிலுவையில் இல்லை எனக் கருதப்படுகிறது.'

குற்றம் சொல்ல இடமில்லாத நடை. கோட்டையில் நானே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

"என்னன்னா லெட்டர்?" என்று ஹோமப் புகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயா கேட்டாள். குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வந்த வித்யாவின் தலை அவள் மடியில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரும் யாருக்கும் ஓவர் சொல்லாமல்.

"ஒண்ணுமில்லை," என்றேன்.

பழைய கோப்பை எடுத்து, பதிலை அதில் சேர்த்து, மேல் ஓரத்தில் பழக்க தோஷத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்.

பதில் கிடைத்த தேதி: பேத்தியின் ஆண்டு நிறைவு.